குறிப்பேடும் உரைதிருத்தியும்

நாடோறும் நிகழ்வனவற்றையும் வரவு செலவையும் எழுதி வைத்தல் நற்பழக்கம் என்பதை மறுப்பார் யாருமிலர். அதனை ஓராண்டேனும் விடாது செய்தாரோ மிகச் சிலர். இதற்குச் சோம்பலே காரணமென்பர் பெரியோர். யாம் அதற்கு உடன்படோம். ஏட்டைத் தேடல், நாளிடல், கோடிடல், முன்பக்கத் தொகையைப் பெயர்த்தெழுதல், கூட்டல் ஆகிய சிறு வேலைகள், எழுதும் செய்தியினும் மிகுந்த காலத்தைக் கவர்கின்றன. இரண்டு நாள் தவறின், மூன்றாம் நாள் மனம் பின்வாங்குகின்றது. இதுவே உண்மைக் காரணமென்பது எம் கருத்து.

புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை வாணிகத்துக்கும் துபாசி அலுவலுக்கும் இடையே, 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதி வந்தார். அத்துணை ஊக்கம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. வாய்க்காதார்க்குக் கருவி துணை செய்யலாமன்றோ?

அக்கருவி யாது? கணினியில் எழுத்தை மட்டும் எழுதிக் காக்கும் உரைதிருத்தியே அது. விண்டோஸ் கணினியிலுள்ள நோட்பேடை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பின் முதல் வரியில் ஒரு புள்ளியும், அதனையடுத்து எல், ஓ, ஜி என்னும் ஆங்கிலப் பெரிய எழுத்துக்கள் மூன்றும் இட்டுச் சேமித்தல் வேண்டும். பின்னர் அக்கோப்பைத் திறக்குந்தோறும் அன்றைய நாளும் நேரமும் இறுதியில் தாமே வந்து நிற்கும். எழுதுவோர் செய்தியை எழுதினாற் போதும்.

பிராம் மோலனார் 1991இல் வெளியிட்ட விம் இதனினும் வல்லது. கியூ விசையையும் ஓர் எழுத்தையும் அழுத்திவிட்டு, செலவுப் பட்டியலின் முதல் வரியை நம் முறைக்கேற்பச் சீர்செய்து, மீண்டும் கியூவை அழுத்தினால் அச்செயல்கள் யாவும் பதிவாகும். பின்னர் அவற்றை முப்பத்தொன்பது முறை செய்க என ஏவினால், எஞ்சிய முப்பத்தொன்பது வரிகளும் ஒரு நொடியில் சீர்ப்படும். இதனையே மாக்ரோ என்பர். 1976இல் தோன்றிய ஈமாக்ஸ் என்னும் திருத்தி தன் பெயரையே மாக்ரோக்களிலிருந்து பெற்றது. வானியலறிஞர் கார்ஸ்டன் டோமினிக் 2003இல் அதற்கென ஆக்கிய ஆர்க் முறையில், பட்டியலின் தொகைகளைத் திருத்தியே கூட்டித் தரும்.

கையால் எழுதினாலன்றி மனத்திற் பதியாது என்பாருமுளர். நாளும் கோடும் மனத்திற் பதிந்து ஆவதென்ன? பதியவேண்டிய வாக்கியத்தை நாமேயன்றோ எழுதுகின்றோம்!

நிற்க. எல்லாவற்றையும் கருவியிடம் விட்டுவிடலாமோ எனின், விடலாகாது. விடுதி மாணவராகிய எம்மனோரிற் பலர்க்கு ஊரிலிருந்து வரும் பணம், தாயின் வளையலோ தந்தையின் கடனோ ஆகும். அப்பணம் சென்ற வழியை அறிதல் எம் கடமை. செலவையெல்லாம் தானே வகைப்படுத்தித் தொகை மட்டும் காட்டும் செயலிகள் இன்று பல உள. அவை தரும் தொகையைக் கண்டு நாம் வாளா இருந்துவிடுகின்றோம். தொகையைக் கருவி கூட்டுக, "இச்செலவு வேண்டியதோ?" என்னும் வினாவை நாமே எழுப்புதல் வேண்டும். செலவின் காரணத்தை ஒவ்வொரு வரியிலும் நம் சொல்லால் எழுதினாலன்றி அவ்வினா எழாது.

பிழையும் அஞ்சத்தக்கதே. கை ஒருமுறை பிழைக்கும். மாக்ரோவோ அப்பிழையை நாற்பது வரியிலும் பரப்பும். ஆதலின் முதற்படியைத் தனியே வைத்துக்கொண்டு, முடிவில் இரண்டொரு வரிகளையேனும் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம். கருவியை அழகுபடுத்துவதிலேயே காலத்தைப் போக்குதலும் தீது. கலப்பையைச் செதுக்கிக்கொண்டே பருவத்தை இழந்த உழவனுக்கு விளைச்சல் ஏது?

வெற்றுரைக் கோப்பில் மற்றுமொரு நன்மையுண்டு. 1991 முதல் தமிழெழுத்து யூனிக்கோடில் இடம் பெற்றுள்ளமையால், ஒரு திருத்தியில் எழுதிய தமிழ்க் குறிப்பை மற்றொன்றிலும் படிக்கலாம். ஒரு செயலி மறைந்தால் நம் கணக்கும் உடன் மறையும் என்னும் அச்சமில்லை. கோப்பின் படியொன்றை வேறிடத்திலும் வைத்தல் மட்டும் வேண்டும்.

ஆதலின், நண்பர்காள், பெருந்திட்டம் எதுவும் வேண்டா. இன்றிரவு ஒரு கோப்பைத் திறந்து, இன்றைய செலவையும் அதன் காரணத்தையும் எழுதுமின். நாளிடும் வேலையைக் கருவிக்கு விடுமின். மாத இறுதியில் அதனை ஒருமுறை முழுதும் படித்துவிட்டு, வீட்டுக்கு மடல் எழுதுமின். அடுத்த மாதம் எவ்வளவு பணம் கேட்பது முறையென்பது அப்போது விளங்கும்.