அந்தமானில் முதலை எச்சரிக்கை: பலகையைப் பார்ப்பதற்கு முன்பே பயணிக்குத் தகவல் தேவை

அந்தமான் நிகோபார் தீவுகளுக்குச் செல்லும் சுற்றுலாப் பயணிகளில் பலர், கடலில் உவர்நீர் முதலைகள் இருப்பதைக் கடற்கரையில் நடப்பட்டுள்ள எச்சரிக்கைப் பலகையைப் பார்த்த பின்னரே அறிகின்றனர். பயணச்சீட்டு, தங்கும் விடுதி, படகு, ஸ்நார்கெலிங் என அனைத்துக்கும் பணம் செலுத்திவிட்ட நிலையில், அந்தப் பலகை ஒரு சம்பிரதாயமாகவே அவர்களுக்குத் தோன்றுகிறது. தீவுகளில் கடல் உயிரினங்கள் தொடர்பான பாதுகாப்பில் உள்ள முக்கியமான இடைவெளி இதுவே.

2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவில் நிகழ்ந்த துயரம் இதற்குச் சான்று. ராதாநகர் கடற்கரையை ஒட்டிய சிறு விரிகுடாவில், பகல் நேரத்தில் ஸ்நார்கெலிங் செய்துகொண்டிருந்த 25 வயது அமெரிக்கப் பெண் முதலை தாக்கி உயிரிழந்தார். கலங்கிய கழிமுகத்தில்தான் முதலை இருக்கும், தெளிந்த பவளப்பாறைக் கடலுக்கு வராது என்ற பொதுவான நம்பிக்கை அன்று பொய்த்தது. தற்போது ஸ்வராஜ் தீவு என்று அழைக்கப்படும் அத்தீவின் ராதாநகர் கடற்கரை, 2020-ல் நீலக்கொடித் தரச்சான்று பெற்றது. தரச்சான்று வசதிகளையும் தூய்மையையும் உறுதி செய்யலாம்; கடலில் என்ன உலவுகிறது என்பதை உறுதி செய்ய இயலாது.

பாதுகாப்பின் வெற்றியும் விலையும்

தோலுக்காக வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குச் சென்ற முதலைகளுக்கு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1975-ல் தொடங்கிய முதலைப் பாதுகாப்புத் திட்டமும் மறுவாழ்வு அளித்தன. இந்தியாவில் உவர்நீர் முதலைகள் இயற்கையாக வாழும் முக்கிய இடங்கள் மூன்று: ஒடிசாவின் பிதர்கனிகா, மேற்கு வங்கத்தின் சுந்தரவனம், அந்தமான் நிகோபார் தீவுகள். இவற்றுள் பிதர்கனிகாவும் சுந்தரவனமும் குளிக்கும் கடற்கரைகளுக்காக அறியப்பட்டவை அல்ல. அந்தமானிலோ முதலையின் வாழிடமும் பயணி நீந்தும் இடமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன.

2004 சுனாமியின்போது தெற்கு அந்தமானில் நிலம் தாழ்ந்து, வயல்களுக்குள் கடல்நீர் புகுந்து நிலைகொண்டது. முதலைகளுக்கு ஏற்ற உவர்நீர்ப் பரப்புகள் ஊர்களுக்கு அருகிலேயே உருவாயின. ஓடைகளில் கொட்டப்படும் இறைச்சி, மீன் கழிவுகளும் அவற்றை மனிதர்கள் நடமாடும் இடத்துக்கு ஈர்க்கின்றன. ஒவ்வொரு தாக்குதலுக்குப் பின்னரும் முதலைகளை அகற்ற வேண்டும் என்ற கோரிக்கை எழுவது இயல்பே. ஆனால் கடல் நீரோட்டத்தைப் பயன்படுத்தி நெடுந்தொலைவு செல்லக்கூடிய விலங்கு அது. ஒன்றை அகற்றினால் மற்றொன்று அந்த இடத்துக்கு வரலாம். கழிவுகளைக் கட்டுப்படுத்துவதும், வண்டூரில் உள்ளதுபோல் வலையிட்ட குளியல் பகுதிகளை முறையாகப் பராமரிப்பதுமே நீடித்த தீர்வு.

பயணிகளைப் பொறுத்தவரை விதிகள் எளியவை. அந்தி முதல் விடியல் வரை நீரில் இறங்கக் கூடாது. அலையாத்திக் காடுகளை ஒட்டியும், ஓடை கடலில் கலக்கும் இடத்திலும் குளிக்கக் கூடாது. மழைக்காலம் முட்டையிடும் பருவம் என்பதால், கூட்டைக் காக்கும் தாய் முதலை மேலும் மூர்க்கமாக இருக்கும். உயிர்காப்பாளர் இல்லாத தனித்த விரிகுடாக்களைத் தவிர்ப்பதே நல்லது.

காலடியில் இருக்கும் ஆபத்து

முதலைத் தாக்குதல் அரிது. பெரும்பாலான பயணிகள் எதிர்கொள்ளக்கூடிய ஆபத்து, காலடியில் இருக்கும் சிறிய உயிரினங்களே. கல்மீன் பாறையோடு பாறையாகக் கிடக்கும். திருக்கை மணலுக்குள் புதைந்திருக்கும். கடல் முள்ளெலியின் முட்கள் காலில் தைத்து ஒடியும். அழகிய சங்கு என்று கையில் எடுக்கப்படும் கூம்பு நத்தையின் நஞ்சு உயிரைப் பறிக்க வல்லது. அதற்கு முறிமருந்து இல்லை. இந்தியாவில் பரவலாகப் பயன்படும் பாம்புக்கடி முறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கானது. கடற்பாம்பின் நஞ்சுக்கு அது பயன்படாது.

தடித்த அடிப்பகுதி கொண்ட காலணி அணிவதும், ஆழமற்ற மணற்பரப்பில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நடப்பதும் பெரும்பாலான காயங்களைத் தவிர்க்கும். கல்மீன், திருக்கை, சிங்கமீன் ஆகியவற்றின் முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரி செல்சியஸுக்கு மிகாத வெந்நீரில் அந்தப் பகுதியை 30 முதல் 90 நிமிடங்கள் வரை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். காயம்பட்ட இடத்தில் சூடு உணரப்படாமல் போகலாம் என்பதால், நீரின் சூட்டை வேறொருவர் சோதித்துப் பார்ப்பது அவசியம். சொறிமீன் தீண்டிய இடத்தை மணலால் தேய்ப்பதும் நன்னீரால் கழுவுவதும் தவறு. கடல்நீராலேயே கழுவ வேண்டும். மூச்சுத்திணறல், மயக்கம், தசை தளர்ச்சி தென்பட்டால் தாமதமின்றி 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். ஸ்வராஜ் தீவிலிருந்து ஸ்ரீ விஜயபுரத்தில் உள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையை அடையப் படகில் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்பதால், தொடக்கத்தில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் முக்கியமானது.

சட்டமும் இதையே சொல்கிறது

பவளம், கடல் அட்டை, கடலாமை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. மீறுவோருக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். தொடாதீர், மிதிக்காதீர், எடுக்காதீர் என்று சட்டம் இடும் கட்டளை, பயணியின் உடலுக்கும் காப்பாக அமைகிறது.

இந்தத் தகவல்கள் எவையும் புதியவை அல்ல. அவை பயணியைச் சென்றடையும் நேரமும் மொழியுமே குறை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய இத்தீவுகளுக்குத் தமிழ், வங்காளம், இந்தி பேசுவோர் திரளாகச் செல்கின்றனர். பயணச்சீட்டுடன் வரும் குறுஞ்செய்தியிலும், விமானம் தரையிறங்கும் முன் செய்யப்படும் அறிவிப்பிலும், விடுதி அறையில் வைக்கப்படும் அட்டையிலும் அவரவர் மொழியில் எச்சரிக்கை இடம்பெறுவதற்குப் பெரும் செலவு தேவையில்லை. முதலையைப் பற்றிப் பேசினால் வருவாய் குறையும் என்ற அச்சம் சுற்றுலாத் துறையினரிடம் இருக்கலாம். ஆயினும் முன்கூட்டியே சொல்லப்படும் எச்சரிக்கையைவிட, தடுத்திருக்கக்கூடிய ஒரு மரணமே தீவுகளின் பெயருக்கு அதிகக் கேடு விளைவிக்கும்.

அதுவரை பயணிகள் தாங்களாகவே விடுதியில் மூன்று கேள்விகளைக் கேட்டறிவது நன்று: அண்மையில் இங்கு முதலை தென்பட்டதா? குளிக்க அனுமதிக்கப்பட்ட பகுதி எது? அருகிலுள்ள மருத்துவ நிலையம் எங்கே?