துணைவர் விசா: எண்ணிக்கையா, நடத்தையா?

'ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தை நடத்து' என்று ஒரு பழமொழி உண்டு. ஆஸ்திரேலிய அரசு இதை ஏற்பதில்லை. கணவனையோ மனைவியையோ அங்கே அழைத்துக்கொள்ள விரும்புபவர் இதற்கு முன் எத்தனை பேரை அழைத்திருக்கிறார், என்ன தண்டனை பெற்றிருக்கிறார் என்றெல்லாம் அது கேட்கிறது. கேட்பது நியாயம்தான். ஆனால் சரியான நேரத்தில் கேட்கிறதா?

முதலில் எண்ணிக்கை. ஒருவர் தம் வாழ்நாளில் இரண்டு பேரை மட்டுமே துணைவர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்யலாம். இரண்டுக்கும் இடையே ஐந்து ஆண்டு இடைவெளி வேண்டும். துணைவர் விசாவில் வந்தவரும், தாம் விண்ணப்பித்து ஐந்து ஆண்டு ஆகும்வரை இன்னொருவரை அழைக்க முடியாது. முந்தைய துணை இறந்துவிட்டாலோ, புதிய உறவில் குழந்தை இருந்தாலோ விலக்குக் கேட்கலாம். ஆனால் அது உரிமை அல்ல, அதிகாரியின் முடிவு.

அடுத்தது குற்றப் பதிவு. விசா கேட்பவரின் நடத்தையை 1958-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 501-ஆவது பிரிவு சோதிக்கிறது. அழைப்பவரையும் சோதிக்கும் விதி 2016 நவம்பரில் வந்தது. வன்முறை, துன்புறுத்தல், துப்பாக்கிக் குற்றம், ஆள்கடத்தல் போன்றவற்றில் அவர் தண்டனை பெற்றிருந்தால், அதை விண்ணப்பதாரரிடம் தெரிவிக்க அவர் சம்மதிக்க வேண்டும். இக்குற்றங்களுக்காகப் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் என்றால் விசாவே மறுக்கப்படலாம். தண்டனை முடிந்து எவ்வளவு காலமாயிற்று, குழந்தைகளின் நலன் என்ன, உறவு எவ்வளவு நாளையது என்பவையும் பார்க்கப்படும்.

இவ்விரண்டில் எண்ணிக்கை விதிதான் பலவீனமானது. இருமுறை மனைவியை இழந்தவரும், இரண்டு மனைவிகளை அடித்துத் துரத்தியவரும் அதன் கண்ணுக்கு ஒன்றே. முன்னவர் விலக்குக்காக ஆவணங்களைச் சுமந்து அலைய வேண்டும். பின்னவர் மீது யாரும் புகார் கொடுக்கவில்லை என்றால் அவருடைய பதிவு சுத்தமாகவே இருக்கும். தற்காலிக விசாவில் இருக்கும் பெண் புகார் கொடுக்கத் துணிவது எளிதா? குடும்ப வன்முறையால் உறவு முறிந்தாலும் நிரந்தர விசா பெற சட்டத்தில் வழி இருக்கிறது. அதை அறியாததால் வாய்மூடி இருப்பவர்களும் உண்டு.

குற்றப் பதிவு விதி நல்ல விதி. குறை அதன் நேரத்தில்தான். 9,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்டணம் கட்டி, பெரும்பாலும் தாலியும் ஏறிய பிறகு அந்த உண்மை வந்து சேர்ந்தால் அந்தப் பெண் என்ன செய்வாள்? ஸ்பான்சரை முதலில் சோதித்து, ஒப்புதல் கொடுத்த பின்பே விண்ணப்பத்தை வாங்க வேண்டும். அத்தகைய ஏற்பாட்டுக்கு இடம் தரும் திருத்தச் சட்டம் 2018-லேயே நிறைவேறியது.

தண்டனை முடிந்து திருந்தியவருக்கு மறுவாழ்வு வேண்டாமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்வது மறுவாழ்வைத் தடுப்பதாகாது. தெரிந்தே ஏற்றுக்கொள்பவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. தெரியாமல் ஏற்பவளுக்கு எந்த உரிமையும் இல்லை.

விதி மாறும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஜாதகம் கேட்கிறோம், சம்பளச் சீட்டு கேட்கிறோம். வெளிநாட்டு வரன் என்றால் போலீஸ் சான்றிதழும் கேட்போம். அதில் என்ன கூச்சம்?