கேள்வியை அல்ல, கோப்பைக் கேட்க வேண்டும்

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. மொழிக்கொள்கையை ஆராய்பவருக்கு இது ஒரு சுரங்கம். அங்கே ஒரு பள்ளியில் தமிழ்வழி வகுப்பு நிறுத்தப்படுகிறது எனக் கொள்ளலாம். ஆய்வு மாணவர் ஒருவர் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பம் எழுதுகிறார்: "இப்பள்ளியில் தமிழ்வழி வகுப்பு ஏன் நிறுத்தப்பட்டது? பெற்றோரின் கருத்து ஏன் கேட்கப்படவில்லை?" முப்பதாம் நாள் ஒற்றை வரியில் விடை வருகிறது: கேட்கப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது. மாணவர் சினங்கொள்கிறார். அரசு மறைக்கிறது என்று நெறியாளரிடம் முறையிடுகிறார். ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் "தகவல் மறுக்கப்பட்டது" என்றொரு வரி சேர்கிறது. அத்துடன் அந்தத் தடம் முடிந்துபோகிறது.

அந்த அலுவலர் சட்டப்படி தவறு ஏதும் செய்யவில்லை என்பதுதான் இதில் வருந்தத்தக்கது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(f) பிரிவு தகவல் என்பதற்குத் தரும் வரையறை முழுவதும் பொருள்களின் பட்டியலாகவே அமைந்துள்ளது: பதிவேடுகள், ஆவணங்கள், குறிப்புகள், மின்னஞ்சல்கள், கருத்துரைகள், சுற்றறிக்கைகள், ஆணைகள், ஒப்பந்தங்கள், அறிக்கைகள், மாதிரிகள். ஏதோ ஒரு வடிவில் ஏற்கெனவே இருப்பதுதான் தகவல். "ஏன்" என்ற கேள்விக்குரிய விடை இவ்வரையறைக்குள் அடங்காது என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் கோவா அமர்வு 2008இல், செல்சா பிண்டோ வழக்கில், தீர்ப்பளித்தது. இல்லாத தகவலைத் தொகுத்தோ புதிதாக உருவாக்கியோ தரும் கடமை அலுவலருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் தெளிவுபடுத்தியது. தேர்வர் தம் விடைத்தாளைப் பார்வையிடலாம் என்று உரிமையை விரித்ததும் அதே தீர்ப்புதான்.

ஆகவே இது முதலில் ஓர் இலக்கணச் சிக்கல். வினாவாக்கியத்தைப் பெயர்த்தொடராக மாற்றத் தெரிய வேண்டும். "வகுப்பு ஏன் நிறுத்தப்பட்டது" என்பதற்கு மாறாக, "அவ்வகுப்பை நிறுத்துவது குறித்துக் கல்வித்துறை முன்வைத்த குறிப்பின் நகல், அதன்மீது எடுக்கப்பட்ட தீர்மானத்தின் நகல், அக்கோப்பின் குறிப்புப் பக்கங்கள் அனைத்தும், அவ்வகுப்பு தொடர்பாகப் பள்ளி மேலலுவலகத்துக்கு அனுப்பிய மாணவர் எண்ணிக்கை அறிக்கைகள், இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை" என்று எழுதினால், அதே "ஏன்" வேறு வாசல் வழியாக உள்ளே நுழைகிறது. குறிப்பாகக் கோப்புக் குறிப்புகள். எழுத்தர் தொடங்கி மேலதிகாரி வரை ஒவ்வொருவரும் தத்தம் கையால் எழுதிய காரணங்களும் தயக்கங்களும் மறுப்புகளும் அங்கேதான் கிடக்கின்றன. இக்குறிப்புகள் சட்டத்தின் வரம்புக்குள் வாரா என்று தொடக்கத்தில் வலுவாக வாதிடப்பட்டது. மத்தியத் தகவல் ஆணையம் 2006இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. வாதாடிப் பெற்ற இந்த உரிமையைப் பயன்படுத்தும் ஆய்வேடுகள் எத்தனை என்று நூலகத்தில் தேடிப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இதற்கு மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆய்வு நெறிமுறைத் தாளில் வினாநிரல் தயாரிக்கவும், மாதிரி தெரிவு செய்யவும், நேர்காணலைப் பதிவுசெய்து எழுத்துப்பெயர்க்கவும் கற்பிக்கப்படுகிறது. ஊராட்சியின் தீர்மானப் பதிவேட்டை எவ்வாறு கேட்டுப் பெறுவது என்பதற்குப் பாடத்திட்டத்தில் அரைப் பக்கம்கூட இல்லை. தகவல் உரிமை என்பது சமூக ஆர்வலர்களும் இதழாளர்களும் கையாளும் ஆயுதம், ஆய்வாளருக்குரிய கருவி அன்று என்ற எண்ணம் துறைகளில் ஊறிக் கிடக்கிறது. (பல்கலைக்கழகமும் இதே சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பொது அதிகார அமைப்புத்தான் என்பதைத் துறைத்தலைவர்கள் மட்டும் மறப்பதே இல்லை.)

இந்த எண்ணம் வரலாற்றுக்கும் முரணானது. இச்சட்டத்தின் வேர் டெல்லியின் அமைச்சகங்களில் இல்லை. உள்ளாட்சித் தாள்களில்தான் இருக்கிறது. ராஜஸ்தானில் 1990இல் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994இன் இறுதியில் கோட்கிரானா கிராமத்தில் முதல் பொது விசாரணையை நடத்தியது. பணிக்கு வந்தோரின் வருகைப் பட்டியலும் பற்றுச்சீட்டுகளும் ஊரார் முன்னிலையில் வாசிக்கப்பட்டன. 1996இல் பியாவர் நகரில் நாற்பது நாள் நீடித்த மறியலின் கோரிக்கையும் உள்ளூர்ச் செலவுக் கணக்குகளின் நகல்தான். "எங்களுக்கு ஏன் கூலி வரவில்லை" என்று கேட்டிருந்தால் வாய்வார்த்தையாக ஆயிரம் விடை கிடைத்திருக்கும். அவர்கள் பட்டியலைக் கேட்டார்கள். எழுத்தறிவு குறைந்த கூலித் தொழிலாளர்கள் கண்டுகொண்ட முறைமையை முதுகலைப் பட்டதாரிகள் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

ஆவணத்தைக் கேட்பதற்கு அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். உழைப்பின் பெரும்பகுதி இங்கேதான். சட்டத்தின் 4(1)(b) பிரிவின்படி ஒவ்வொரு பொது அமைப்பும் தன்னிடமுள்ள ஆவண வகைகளின் பட்டியலைத் தானாகவே வெளியிட வேண்டும். பல உள்ளாட்சிகளில் அப்பட்டியல் பழையது, அரைகுறையானது. ஆயினும் சொற்களைக் கற்றுக்கொள்ள அது போதும். மகாராஷ்டிரப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கைப் பதிவேட்டை "ஜெனரல் ரெஜிஸ்டர்" என்பார்கள். "மாணவர் விவரங்கள்" என்று கேட்பவருக்குக் கிடைக்காதது அப்பெயரைச் சொல்லிக் கேட்பவருக்குக் கிடைக்கும். அலுவலகத்துக்கு அலுவலகம் பதிவேடுகளுக்கு இப்படித் தனித்தனி வழக்குச்சொற்கள் உண்டு. அவற்றைத் திரட்டுவதே ஒரு களப்பணி. விண்ணப்பம் எழுதுமுன் ஒருநாள் அந்த அலுவலகத்தின் எழுத்தரோடு பேசியிருப்பது பத்து மேல்முறையீடுகளை மிச்சப்படுத்தும்.

பெயரே தெரியாதபோது மிகச் சிறந்த வழி நேரில் பார்வையிடுவது. 2(j) பிரிவு நகல் பெறும் உரிமையை மட்டும் தரவில்லை. கோப்புகளைப் பார்வையிடவும் குறிப்பெடுக்கவும் சான்றிட்ட நகல் பெறவும் உரிமை தருகிறது. ஆய்வாளருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. கோப்பைப் புரட்டும்போதுதான் கேட்கத் தெரியாதிருந்த தாள் கண்ணில் படும். ஓரக்குறிப்பு, அடித்தல், ஒட்டிய துண்டுச்சீட்டு ஆகியவற்றின் இடம் விளங்கும். மையக் கிடங்கில் கிடக்கும் ஆவணக்காப்பகத் தொகுதிகளைத் தேடி நாட்கணக்கில் அமர்பவர்கள் வட்டார அலுவலகத்தின் இரும்பு அலமாரியை ஆவணக்காப்பகமாகக் கருதாதது வியப்புக்குரியது.

எந்த மொழியில் எழுதுவது என்பது அடுத்த கேள்வி. ஆங்கிலம், இந்தி, அல்லது அவ்வட்டாரத்தின் ஆட்சிமொழி என்று 6(1) பிரிவு சொல்கிறது. மும்பையில் தமிழ்வழிப் பள்ளியைப் பற்றி அங்குள்ள தமிழ்ப் பெற்றோர் கேட்டாலும் தமிழில் கேட்க இயலாது. எழுத இயலாதவர் வாய்மொழியாகச் சொன்னால் அதை எழுத்தில் வடிக்க அலுவலர் உதவ வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பிறமொழி பேசுவோரை அது நினைத்துப் பார்க்கவில்லை. கிடைக்கும் ஆவணமும் அது எழுதப்பட்ட மொழியிலேயே வரும். அதை மொழிபெயர்த்துத் தருமாறு கேட்டால் அது புதிதாக உருவாக்கச் சொல்வதாகிவிடும். எனவே மராத்தியக் கோப்பை ஆராய விரும்புபவர் மராத்தி கற்பதுதான் முறை. ஆங்கிலத்தில் பிழையற எழுதிய விண்ணப்பத்தைவிட, வட்டார மொழியில் அலுவலக வழக்கறிந்து எழுதிய நான்கு வரி வேகமாக நகரும்.

கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் விதிகள் விண்ணப்பத்தை ஒரே பொருள், 150 சொற்கள் என்று வரையறுக்கின்றன. சொல் என்பது யாது என்று அவ்விதிகள் எங்கும் சொல்லவில்லை. வேற்றுமையுருபும் எச்சமும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகும் கன்னடத்தில் 150 சொற்களுக்குள் அடங்குவது ஆங்கிலத்தில் இருநூறைத் தாண்டக்கூடும். மொழியியலாருக்கு இது சிரிப்புக்குரியது. விண்ணப்பம் திரும்பி வந்தவருக்குச் சிரிப்பு வராது. இரண்டு பொருளுக்கு இரண்டு விண்ணப்பம் என்று பிரித்து எழுதிவிடுவதே நலம்.

செலவு பெரிதன்று. பெரும்பாலும் விண்ணப்பத்துக்குப் பத்து ரூபாய், பக்கத்துக்கு இரண்டு ரூபாய். ஆனால் கட்டணம் செலுத்தும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மத்திய அரசின் இணையதளத்தில் உள்ளாட்சிக்குரிய விண்ணப்பத்தைப் பதிவிடுவது பரவலாகக் காணும் தவறு. உள்ளாட்சி மாநிலத்துக்குரியது, அங்கே பதிந்தது திரும்பிவிடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது 6(2). துறை மாறிப்போனால் ஐந்து நாட்களுக்குள் உரிய இடத்துக்கு மாற்றும் பொறுப்பு அலுவலருடையது என்கிறது 6(3). காலம் கடந்து தரும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது 7(6).

உண்மையான இடர் காலம்தான். முப்பது நாளில் விடை இல்லையெனில் அது மறுப்பாகவே கருதப்படும். அடுத்த முப்பது நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு; அதன்மீது முடிவெடுக்க முப்பது நாள், மிஞ்சினால் நாற்பத்தைந்து. பிறகு தொண்ணூறு நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. இதற்கு மேல் சட்டம் ஆணையத்துக்குக் கெடு விதிக்கவில்லை. ஜார்க்கண்டில் 2020 மே மாதத்திலிருந்து பல ஆண்டுகள் ஆணையர் எவருமின்றி ஆணையம் முடங்கிக் கிடந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்டத்துக்குப் பொதுவாக ஆறாண்டு உச்சவரம்பு வைத்துள்ளன. தரவு போதவில்லை என்று நான்காம் ஆண்டில் விண்ணப்பம் எழுதுபவருக்கு ஆவணம் வருமுன் வாய்மொழித் தேர்வு வந்துவிடும். முன்மொழிவு ஏற்கப்பட்ட மாதமே முதல் விண்ணப்பம் போக வேண்டும்.

"கோப்பு கிடைக்கவில்லை" என்ற விடையைப் பலரும் முற்றுப்புள்ளியாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒருகாலத்தில் இருந்த ஆவணத்தை முழுமையாகத் தேடிப் பாராமல் அப்படிக் கைவிரிக்க முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013இல் விஷ்வாஸ் பம்பூர்கர் வழக்கில் கூறியுள்ளது. அழிக்கப்பட்டது என்றால் அழித்ததற்கான ஆணை இருக்கும். அந்த ஆணையின் நகலைக் கேட்கலாம், அதுவும் ஆவணமே.

ஆய்வாளருக்கும் கடமைகள் உண்டு. சிற்றூராட்சியின் ஒரே செயலரிடம் பத்தாண்டுக் கணக்கு முழுவதையும் நகலெடுக்கச் சொல்வது உரிமையாக இருக்கலாம், பண்பாகாது. வரி வசூலும் குடிநீர்க் குழாயும் அவர் தலையில்தான். அதைவிடக் கனமானது பாதுகாப்பு. புனே அருகே நில முறைகேடுகளை வெளிக்கொணர்ந்த சதீஷ் ஷெட்டி 2010 ஜனவரியிலும், கிர் வனப்பகுதியில் சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்த அமித் ஜேத்வா அதே ஆண்டு ஜூலையிலும் கொல்லப்பட்டனர். களப்பணி முடிந்து ஆய்வாளர் ஊர் திரும்பிவிடுவார். அவருக்குச் சோறிட்டவர் அங்கேயே வாழ வேண்டும். ஊர்க்காரர் பெயரில் விண்ணப்பம் போடச் செய்வது எந்த ஆய்வறக் குழுவும் ஏற்கக் கூடாத செயல். அஞ்சல் பெட்டி எண்ணே முகவரியாகப் போதும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் கூறியிருப்பதை நினைவில் கொள்ளலாம். பெற்ற நகல்களைத் துறை நூலகத்தில் வைப்பதும் வேண்டும். ஒவ்வொரு தலைமுறை மாணவரும் அதே கோப்பை அதே எழுத்தரிடம் மீண்டும் கேட்பதில் பொருளில்லை.

மீண்டும் அந்த ஜெனரல் ரெஜிஸ்டருக்கு வந்தால், அதில் தாய்மொழி என்றொரு கட்டம் உண்டு. எந்த மொழிக் குழந்தைகள் எந்த வழிக் கல்வியில் சேர்ந்தார்கள், எந்த ஆண்டில் திசை மாறியது என்பதை அக்கட்டம் காட்டும். ஆனால் அதே வரியில் குழந்தையின் பெயரும் சாதியும் இருக்கின்றன. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தி, பொதுநலன் பற்றிய நிபந்தனைகளை நீக்கி, தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டது. இனிப் பதிவேடு என்றதும் இப்பிரிவு நீட்டப்படும். எனவே விண்ணப்பத்திலேயே, பெயர் முதலிய அடையாளங்களை மறைத்துவிட்டு எஞ்சிய பகுதியை 10ஆம் பிரிவின்படி தருமாறு கேட்பதும், பொதுநலன் மேலோங்கும்போது வெளியிடலாம் எனும் 8(2) பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை என்பதைச் சுட்டி எழுதுவதும் தேவையாகின்றன. அக்குழந்தைகளின் பெயர் ஆய்வாளருக்கும் வேண்டியதில்லை. தாய்மொழிக் கட்டமும் சேர்க்கை ஆண்டும் போதும்.