பொதுமொழியும் பெருநிறுவனமும்

கணினிக்குக் கட்டளையிடுதற்குரிய நிரல்மொழிகளுள் பலவற்றின் மூலநிரல், எவரும் கற்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து உலகினர்க்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. இவற்றைத் திறமூல மொழிகள் என்பர். பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் மென்பொருட் பணிபுரியும் நம் இளைஞர் பலர்க்கு இம்மொழிகளே ஏரும் எருதும் ஆகும். இப்பொதுச் சொத்தைச் செல்வமிக்க நிறுவனமொன்று தன்வயமாக்கிக்கொள்ள இயலுமா? இவ்வினா நம் பிழைப்பைத் தொடுவதாகலின் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மூலநிரலைக் கவர்ந்துகொள்ளுதல் அரிது. உரிமையாளர் பின்னர் மனம் மாறினும், முன்பு திறந்து வெளியிட்ட நிரலைக்கொண்டு பிறர் தனிக்கிளை வளர்த்தல் கூடும். ஆயினும், ஒரு மொழிக்கு நிரல் மட்டுமே உடைமையன்று. பெயரும் உண்டு, அதனை நடத்தும் அதிகாரமும் உண்டு. கைமாறக்கூடியவை இவ்விரண்டுமே.

ஜாவாவின் வரலாறு இதற்குச் சான்று. சன் நிறுவனம் 1995-ல் வெளியிட்ட அம்மொழியின் நிரலை 2006-ல் திறந்துவிடத் தொடங்கிற்று. 2010-ல் அந்நிறுவனத்தையே ஆரக்கிள் விலைக்கு வாங்கவே, ஜாவா என்னும் பெயரும் உடன் சென்றது. ஆண்டிராய்டு அமைப்பில் ஜாவாவின் இடைமுகக் கட்டளைகளை எடுத்தாண்டமைக்காக அவ்வாண்டிலேயே ஆரக்கிள் கூகுள்மீது வழக்குத் தொடுத்தது. அது நியாயமான பயன்பாடே என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2021-ல். பத்தாண்டுக்கு மேல் வழக்காடும் பொருள்வலி கூகுளுக்கு இருந்தது. கோவையில் பத்துப்பேரை வைத்துத் தொழில் நடத்துவோர்க்கு அஃது உண்டோ?

பைத்தான் மொழியினர் வேறு வழி கண்டனர். அதன் பெயர், 2001-ல் தோன்றிய இலாபநோக்கற்ற அறநிறுவனத்தின்பால் உள்ளது. அம்மொழியை ஆக்கிய கீடோ வான் ரோசம் 2018-ல் தலைமையைத் துறந்தபின், ஐவர் கொண்ட குழுவொன்று அதனை நடத்திவருகின்றது. ஒரே நிறுவனத்தின் ஊழியர் இருவர்க்கு மேல் அக்குழுவில் அமர்தலாகாது என்பது விதி. என்னே அவர்தம் முன்னறிவு!

இம்முறை நமக்குப் புதிதன்று. 1950-களில் கோவையிற் பிறந்த வெட் கிரைண்டரை இன்று நம் நகரின் சிறு பட்டறைகள் பலவும் செய்கின்றன. அதன் புவிசார் குறியீட்டை ஒரு முதலாளி தனக்கெனப் பெற்றிலர். உற்பத்தியாளர் சங்கமே பெற்றது. பெயர் பொதுவில் நின்றமையால் கோவைக் கிரைண்டர் என்னும் புகழ் பட்டறையார் அனைவர்க்கும் பயன்படுகின்றது.

பெருநிறுவனங்கள் ஊதியம் கொடுத்து ஆட்களை அமர்த்தாவிடின் இம்மொழிகள் வளருமா எனச் சிலர் வினவுவர். அவ்வுதவி மெய்யே, அதனை யாம் இகழ்ந்திலேம். எனினும், பைத்தானின் ஐவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, அம்மொழியின் நிரலை நெடுநாள் பேணி உழைத்தவர்க்கே உரியது. அவ்வுழைப்பாளர் யாவரும் பெருநிறுவனத்தாரின் கூலியாட்களே ஆகிவிடின், விதி ஏட்டிலிருக்க, அதிகாரம் சில நிறுவனத்தார் கைக்குச் சென்றுவிடும். வாங்குவோர் வலியினும், பேணுவோர் இன்மையே பெரிய அச்சம்.

ஆதலின், மாணவ நண்பர்காள்! பொதுக்கிணற்றில் நீர் முகப்போர் அதனைத் தூர்வாரவும் கடன்பட்டவராவர். ஒரு பிழையைக் கண்டு தெரிவிப்பீர். ஒரு விளக்கவுரையைத் திருத்துவீர். இயலுமேல் தமிழில் ஒன்று எழுதுவீர். உழைப்போர் பலராயிருக்கும் மொழியை எந்நிறுவனமும் எளிதில் தன்னுடைமையாக்கிக்கொள்ள இயலாது.