பிரமாணஞ் செய்த குருவும் செய்யாத குருவும்

பிரான்சியப் புரட்சியைப் பயிற்றும் ஆசிரியர் எவரும் பஸ்தீல் சிறையிலே தொடங்கிக் கில்லட்டினிலே வந்து முடிப்பது வழக்கம். இடையில் வரும் குருமார் பிரமாணம் என்னுஞ் செய்தி அரைப்பக்கத்துள் அடங்கிவிடும். நாமும் பல்லாண்டு அவ்வாறே கற்பித்து வந்தோம். அண்மையில் ஒரு மாணவன் எழுந்து, "சேர், ஓர் உறுதிமொழி சொல்லுவதற்கு இவ்வளவு கலகம் ஏன்?" என்று கேட்டான். அவ்வேளை மணி அடித்தது. விடை கூறாமல் தப்பினோம். அந்தக் கடனை இவ்வாரம் இங்கே தீர்க்க முயல்கின்றோம். சைவராகிய நாம் கத்தோலிக்க சமயத்தின் நுட்பங்களிலே தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஒரு கிராமத்துக் கோயிலின் கதவு யாருக்குத் திறப்பது, யாருக்கு அடைப்பது என்ற வழக்கு நமக்கும் புதியதன்று அல்லவா?

முதலில் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். அந்நாட்டுக் கிராமக் குருமார் புரட்சிக்குப் பகைவராய்த் தொடங்கினாரல்லர். பொதுமக்களின் பிரதிநிதிகள் தனித்து நின்று தவித்த வேளையில், 1789ஆம் ஆண்டு ஜூன் 13ஆந் திகதி குருமார் சபையை விட்டெழுந்து அவர்களோடு வந்து சேர்ந்த முதல் மூவரும் புவாத்து மாகாணத்துப் பங்குக் குருமாரே. நாலாண்டு கழித்து அதே மாகாணத்தின் ஒரு பகுதியாகிய வாந்தேயில் மக்கள் புரட்சி அரசுக்கெதிராக ஆயுதம் ஏந்தினர். இந்த நாலாண்டுக்குள் நிகழ்ந்தது என்ன?

1789 நவம்பரிலே திருச்சபையின் நிலபுலங்கள் யாவும் நாட்டுடைமையாயின. 1790 ஜூலை 12இல் குருமாரைப் பற்றிய சட்டம் நிறைவேறிற்று. நூற்றிருபதுக்கு மேற்பட்டிருந்த மேற்றிராசனங்கள் 83 ஆகக் குறைக்கப்பட்டன. மேற்றிராணியாரையும் பங்குக் குருவையும் வாக்காளர் தெரிவு செய்ய வேண்டும். அவ்வாக்காளருள் பிற சமயத்தவரும் இருக்கலாம். பாப்பரசருக்குச் செய்தி அறிவித்தாற் போதும், அவர் அங்கீகாரம் தேவையில்லை. சம்பளமோ கூடிற்று. முன்னே எழுநூறு லீவர் பெற்று வறுமையில் உழன்ற பங்குக் குருவுக்கு இனி ஆகக் குறைந்தது ஆயிரத்திருநூறு லீவர். ஆகவே, பிரமாணத்தை மறுத்தவர்கள் பணத்துக்காக மறுத்தார்கள் என்று எவரும் சொல்லுவதற்கில்லை.

அவ்வாண்டு நவம்பர் 27இல் பிரமாணச் சட்டம் வந்தது. தேசத்துக்கும் சட்டத்துக்கும் அரசனுக்கும் உண்மையாயிருப்பேன், புதிய அரசியலமைப்பைக் காப்பேன் என்று ஒவ்வொரு குருவும் சொல்லல் வேண்டும். எங்கே, எப்பொழுது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தவுடன், கோயிலுக்குள்ளே, ஊர்ச் சபையாரும் மக்களும் பார்த்துக்கொண்டிருக்கையில். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கிராமத்தின் இயல்பை அறிந்தவர்களா, அறியாதவர்களா என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. காகிதத்திற் கையொப்பம் என்றாற் பாதிக் கலகம் குறைந்திருக்கும். தான் ஞானஸ்நானங் கொடுத்த பிள்ளைகளும், தான் மணமுடித்து வைத்த தம்பதிகளும் முகத்தைப் பார்த்திருக்க, அம்மனிதர் வாய் திறக்க வேண்டியதாயிற்று.

மறுத்தால் பதவி போகும், வீடு போகும்; ஊரார் ஆயனற்ற மந்தையாவர். இசைந்தால் ஊரோடு இருக்கலாம். ஆனால் றோமாபுரியோடு உறவு அறுமோ என்ற அச்சம். சிலர் "ஆன்மீக விடயங்கள் நீங்கலாக" என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பார்த்தனர்; சட்டசபை அதனை ஏற்கவில்லை. மேற்றிராணிமாருள் ஏழு பேரே பிரமாணஞ் செய்தனர். பங்குக் குருமாரிலோ ஏறக்குறையப் பாதிப்பேர் செய்தனர், பாதிப்பேர் மறுத்தனர். 1791 மார்ச்சிலும் ஏப்பிரலிலும் ஆறாம் பத்திநாதர் பாப்பரசர் அச்சட்டத்தைக் கண்டித்து எழுதினார். அதன்பின், செய்த பிரமாணத்தை மீட்டுக்கொண்டவரும் உளர்.

இனிக் கிராமத்தைப் பார்ப்போம். மறுத்தவரின் இடத்துக்குத் தெரிவு செய்யப்பட்ட புதிய குரு வருகின்றார். மேற்குப் பிரதேசத்துப் பல ஊர்களில் கோயிற் சாவி காணாமற் போயிற்று, மணி அடிக்க ஆளில்லை, பெண்கள் கல்லெறிந்தனர், காவற் படையின் துணையோடு உள்ளே சென்று, வெறுங் கோயிலிற் பூசை செய்தவர்களும் உண்டு. மக்களோ இரவில் நெடுந்தூரம் நடந்து, பழைய குரு களஞ்சியத்துள் ஒளித்துச் செய்யும் பூசைக்குப் போயினர். பாரிஸ் நகரைச் சூழ்ந்த பகுதிகளிலும் தென்கிழக்கிலும் நிலைமை மறுதலை. பிரமாணஞ் செய்யாத குருவை ஊராரே துரத்தியதுமுண்டு. புதியவர் முன் செய்த விவாகம் விவாகமாகுமா? இறக்குந் தறுவாயில் இருக்குந் தகப்பனுக்கு யாரை அழைப்பது? நம் மாணவனுக்கு உரிய விடை இதுதான். அது வெறும் உறுதிமொழிச் சண்டையன்று; ஒவ்வொரு வீட்டின் பிறப்பையும் இறப்பையும் தொட்ட சண்டை.

பிறகு நிகழ்ந்தவற்றை விரிக்க விரும்பவில்லை. 1792 செப்டெம்பரிலே பாரிஸ் சிறைகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட குருமார் வெட்டுண்டனர். 1794இல் றொஷ்போர் துறைமுகத்துக் கப்பல்களில் எண்ணூறுக்கு மேற்பட்ட குருமார் அடைக்கப்பட்டு, பாதிக்கு மேற்பட்டோர் நோயினால் மடிந்தனர். பிரமாணஞ் செய்தவர்களாவது தப்பினார்களா? அதுவும் இல்லை. 1793 நவம்பரில் கிறிஸ்தவ சமயத்தையே ஒழிக்கும் எழுச்சி வந்தது. பாரிஸ் மேற்றிராணியார் கோபெல் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அவர் தலையும் போயிற்று.

பிரமாணஞ் செய்தவரெல்லாங் கோழைகள் என்று எண்ணும் மாணவர்கள் கிரெகுவார் என்பவரின் சரித்திரத்தைப் படித்தல் நன்று. லொரேன் மாகாணத்திலே ஒரு சிற்றூர்ப் பங்குக் குருவாயிருந்தவர், சட்டசபையிற் பிரமாணஞ் செய்த குருமாருள் முதல்வர், பின் மேற்றிராணியாரானவர். கோபெல் துறந்த அதே நாட்களில் அவரையும் துறக்கச் சொல்லிச் சபையார் ஆரவாரித்தனர். அவர் மறுத்து, அச்சபையில் மேற்றிராணியாரின் அங்கியோடே தொடர்ந்து அமர்ந்திருந்தார். 1831இல் மரணப் படுக்கையிற் கிடந்தபோது, பிரமாணத்தை மீட்டாலன்றி அவஸ்தைப்பூசுதல் இல்லை என்று பாரிஸ் அதிமேற்றிராணியார் கூறினார். நாற்பது வருடத்துக்கு முன் சொன்ன சொல்லை அக்கிழவர் மீட்கவில்லை. வேறொரு குரு தாமாகவே வந்து அதனைக் கொடுத்தார்.

மறுபக்கத்திற் போர்தோ நகரத்து ஷமினாத். பிரமாணத்தை மறுத்து, உயிருக்கு அஞ்சாது வேடமிட்டு மறைவாகப் பணி செய்தவர். பயங்கர ஆட்சி முடிந்த பின் அவருக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: பிரமாணஞ் செய்து இப்போது மனம் வருந்தி வரும் குருமாரை மீண்டும் சபையிற் சேர்ப்பது. ஏறத்தாழ ஐம்பதின்மர் அவரிடம் வந்தனர் என்பர். ஒளிந்திருந்தவரும் ஒளியாதிருந்தவரும் எதிரெதிரே அமர்ந்து பேசிய அப்பேச்சுக்களை எழுதி வைத்தார் எவருமிலர்.

குரு இல்லாத ஊர்கள் என் செய்தன? யோன் என்னும் பகுதியிலே மக்கள் தாமே கோயிலிற் கூடினர். பாட்டும் செபமும் முறைப்படி நடந்தன. அப்பத்தையும் இரசத்தையும் வசீகரம் பண்ணும் பகுதி மட்டும் இல்லை. அதனை 'வெள்ளைப் பூசை' என்றனர். முன்னின்று நடத்தியவர் பெரும்பாலும் பள்ளிக்கூட உபாத்தியாயர்! எமது தொழிலுக்கு வந்து சேராத வேலை உலகில் ஒன்றுமில்லைப் போலும்.

1801இல் நெப்போலியனும் ஏழாம் பத்திநாதரும் உடன்படிக்கை செய்தனர். இரு பக்கத்து மேற்றிராணிமாரும் பதவி விலகும்படி கேட்கப்பட்டனர். பாப்பரசருக்காக எல்லாம் இழந்தவர்களையும் பாப்பரசரே விலகச் சொன்னார். அதற்கு இசையாதவரைப் பின்பற்றிய குடும்பங்கள் 'சிறிய சபை' என்ற பெயரோடு பிரிந்து, பின்னர்க் குருமாரின்றியே தலைமுறை தலைமுறையாய் வழிபட்டு வந்தன.

புரட்சிக்கு அஞ்சி நாட்டைவிட்டோடிய குடும்பமொன்றின் சிறுவன் இயூஜின் டி மசனெட் 1802இல் இருபது வயதினனாய்த் திரும்பினான். குருவானபின், 1813ஆம் ஆண்டுத் தபசு காலத்தில், ஏக்ஸ் நகரத்திலே விடியுமுன் கோயிலைத் திறப்பித்து, வேலைக்காரருக்கும் கமக்காரருக்கும் கனவான்களின் பிரெஞ்சு மொழியில் அன்றி அவர்தம் புரோவான்ஸ் மொழியிலே பிரசங்கித்தார். கவனிப்பாரற்றுக் கிடந்த கிராமங்களுக்கென்று 1816இல் அவர் கூட்டிய சிறு குழுவே அமலமரித் தியாகிகள் சபை. 1847ஆம் ஆண்டின் முடிவில் அச்சபையார் இலங்கைக் கரையில் இறங்கினர். யாழ்ப்பாணத்துக்கு வந்து தமிழ் படிக்கத் தொடங்கினர். மானிப்பாயிற் சைவக் குடும்பத்திற் பிறந்து, தமிழ்ச் சொற்களின் வேர்களை ஆராய்வதிலே ஆயுளைக் கழித்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் அந்தச் சபையைச் சேர்ந்தவரே.