எப்போதும் ஒரே அணி ஜெயித்தால் அது போட்டியா?

தெருவில் கிரிக்கெட் ஆடுகிறீர்கள். நன்றாக ஆடுபவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? "இது போங்கு ஆட்டம்! டீம் மாத்து!" என்று கத்துவீர்கள், இல்லையா? மறுபடியும் ஆள் பிரித்து, ஆட்டத்தைத் தொடங்குவீர்கள்.

நாடுகள் மோதும்போது அப்படி ஆளை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் வரும் ஒரு வருத்தத்தைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ரக்பி விளையாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். முட்டை வடிவப் பந்து. பக்கத்துக்கு 15 பேர். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால், கையால் முன்பக்கமாக எறியக் கூடாது. எதிரணியின் கோட்டைத் தாண்டி, பந்தைத் தரையில் அழுத்தினால் 5 புள்ளிகள். அதற்கு 'டிரை' என்று பெயர்.

இந்த விளையாட்டில் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் பழைய போட்டியாளர்கள். இருவரும் மோதுவது பிளெடிஸ்லோ கோப்பைக்காக. நியூசிலாந்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த பிளெடிஸ்லோ பிரபு 1930களின் தொடக்கத்தில் கொடுத்த கோப்பை அது.

ஒரு காலத்தில் அந்த மோதல் எப்படி இருந்தது தெரியுமா? 2000ம் ஆண்டு ஜூலை மாதம், சிட்னி மைதானத்தில் 1,09,000 பேருக்கு மேல் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே நியூசிலாந்து 24-0 என்று முன்னிலை பெற்றது. 'அவ்வளவுதான்' என்று நினைத்தால், இடைவேளைக்குள் ஆஸ்திரேலியா 24-24 என்று சமன் செய்துவிட்டது! கடைசி நேரத்தில் நியூசிலாந்தின் ஜோனா லோமு ஓரமாக ஓடிப்போய் டிரை அடித்தார். 39-35. நியூசிலாந்து வெற்றி. அடுத்த மாதம் வெலிங்டனில் ஆஸ்திரேலியா பதிலடி கொடுத்தது. கேப்டன் ஜான் ஈல்ஸ் கடைசியாக அடித்த உதையில் 24-23 என்று வென்று, கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. யார் ஜெயிப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம் அது.

பிறகு 2003ல் கோப்பை நியூசிலாந்துக்குப் போனது. 2025 வரை நடந்த எல்லாத் தொடர்களிலும் அது அங்கேயே இருந்துவிட்டது! உங்கள் வயதுள்ள ஆஸ்திரேலியச் சிறுவர்கள் பிறப்பதற்கு முன்பே போன கோப்பை. ஆக்லாந்தில் உள்ள ஈடன் பார்க் மைதானத்திலோ, 1986க்குப் பிறகு 2025 வரை ஆஸ்திரேலியாவால் ஒரு முறைகூட நியூசிலாந்தை வெல்ல முடியவில்லை.

நடுவில் ஆசை காட்டும் ஆட்டங்களும் உண்டு. 2019ல் பெர்த் நகரில் ஆஸ்திரேலியா 47-26 என்று வென்றது. ரசிகர்கள் துள்ளிக் குதித்தனர். அடுத்த வாரமே ஈடன் பார்க்கில் 0-36 என்று தோற்றது. தொடர் சமநிலையில் முடிந்தால் கோப்பை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கே சொந்தம். எனவே, மறுபடியும் நியூசிலாந்துதான்!

இதற்கு நியூசிலாந்தைக் குறை சொல்லலாமா? கூடாது. அங்கே ரக்பிதான் முதல் விளையாட்டு. ஆஸ்திரேலியாவில் திறமையுள்ள சிறுவர்களை ஆஸ்திரேலியக் கால்பந்து, 13 பேர் ஆடும் ரக்பி லீக், கிரிக்கெட் என்று பல விளையாட்டுகள் இழுத்துக்கொள்கின்றன. நன்றாக ஆடுபவர் மெதுவாக ஆட வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. தோற்பவர் பலம் பெற வேண்டும். அதற்குச் சிறுவர்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி தர வேண்டும்.

நடக்கிற காரியமா என்கிறீர்களா? நம் நாட்டோடு தொடர்புள்ள இன்னொரு ரக்பி கோப்பையைப் பாருங்கள். கல்கத்தாவில் இருந்த ஒரு ரக்பி சங்கம் மூடப்பட்டபோது, வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, உருக்கி, ஒரு கோப்பை செய்தார்கள். பிடிகள் மூன்றும் நாகப்பாம்புகள், மூடியின் மேல் யானை! அதுதான் கல்கத்தா கோப்பை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதுகின்றன.

அங்கேயும் இதே கதைதான். இங்கிலாந்தின் டுவிக்கன்ஹாம் மைதானத்தில் ஸ்காட்லாந்து 1983ல் ஜெயித்தது. அடுத்த வெற்றிக்கு 38 ஆண்டுகள் ஆயின. இங்கிலாந்து பெரிய நாடு, ரக்பி வீரர்களும் அங்கே அதிகம். 'இனி எங்கே ஜெயிப்பது?' என்று ஸ்காட்லாந்து விட்டுவிடவில்லை. 2021ல் அதே மைதானத்தில் 11-6 என்று வென்றது. அதிலிருந்து 2024 வரை நான்கு ஆண்டுகள் வரிசையாக வெற்றி! 2025ல் இங்கிலாந்து ஒரே ஒரு புள்ளியில், 16-15 என்று கோப்பையைத் திரும்ப வாங்கியது. பார்த்தீர்களா, இப்போது அது எவ்வளவு சுவையான போட்டியாகிவிட்டது!

பிளெடிஸ்லோ கோப்பைக்கும் அந்த நாள் வர வேண்டும் என்பது என் ஆசை. ஆஸ்திரேலியாவுக்காக மட்டுமல்ல, நியூசிலாந்துக்காகவும்தான். முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு என்ன பெருமை இருக்கிறது, சொல்லுங்கள்?

அடுத்த முறை உங்கள் அணி தொடர்ந்து ஜெயித்தால், ஒரு நல்ல ஆட்டக்காரரை எதிர்ப்பக்கம் அனுப்பிப் பாருங்கள். அன்றைக்கு ஆட்டம் எப்படி இருந்தது என்று நண்பர்களோடு பேசிப் பாருங்கள்!