பெட்கியும் கொடுவாவும்

கொல்கத்தாக் கடைத்தெருவில் வங்காளியர் 'பெட்கி' எனப் போற்றி வாங்கும் மீன், நம் ஊர்க் கொடுவாவேயாகும். இது முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெரும்பாலும் பெண்ணாக மாறும் இயல்புடையது. ஆகவே, பெரிய மீன்களையே பிடித்து வந்தால் முட்டையிடும் தாய்மீன்கள் அருகிவிடும். முகத்துவாரக் குஞ்சுகளை வாரிக் குளங்களில் வளர்த்தாலோ, கடல்வளம் வேரிலேயே குன்றும். இதற்கு மாற்றுத் தேடிய சென்னை மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார், முட்டுக்காட்டில் தாய்மீன்களைப் பேணி, ஹார்மோன் செலுத்தி, 1997-இல் குஞ்சு பொரிக்கச் செய்தனர். மகிழத்தக்க செய்தியே. ஆயினும், ஊனுண்ணும் இம்மீனுக்கு இரையாகக் கடலின் சிறுமீன்களையே அள்ளிக் கொட்டினால் பயன் என்ன? தாவரப் புரதம் மிகுந்த தீவனத்திற்கு அதனைப் பழக்கும் முயற்சியும் கைகூடினால்தான் கடலின் சுமை குறையும் என்பது நம் கருத்து.